அஜீசக்காவின் செவ்வாய்க்கிழமை

சிதம்பரத்தில் எங்கள் தெருப் பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமை என்பது வாரத்தில் ஒரு நாள் மட்டுமல்ல. அது அஜீசக்காவின் பதில். துணியைக் கொடுத்துவிட்டு "எப்பக்கா தருவீங்க?" என்று கேட்டால், உதட்டில் கவ்வியிருக்கும் குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து "செவ்வாக்கெழம வாம்மா" என்று வரும். எந்தச் செவ்வாய் என்று கேட்பது மரியாதையாக இருக்காது.

முழுப் பெயர் அஜீசுன்னிசா. வீட்டின் முன்னறைதான் தையல் கடை. கணவர் அப்துல் வதூது மேலவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். அக்கா தைக்கும் பிளவுஸ் அக்குளில் பிடிக்காது, முதுகில் தூக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே போகிறவர்கள், அடுத்த புடவை எடுத்ததும் திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

வாடிக்கைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கல்யாணம் இருபதாம் தேதி என்றால் அக்காவிடம் பத்தாம் தேதி என்றுதான் சொல்வார்கள். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அளவு பிளவுஸ் கொடுப்பதுபோல அதுவும் ஒரு முறை. அவர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். இந்தப் பொய்யும் அந்தச் செவ்வாய்க்கிழமையும் நடுவழியில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். அங்கே பிளவுஸ் தயாராகிவிடும்.

அப்படியானால் உண்மையிலேயே அவசரக்காரர் யார் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஸ்டூல். மெஷினுக்கு எதிரே ஒரு மர ஸ்டூல் கிடந்தது. நாளைக்கு விசேஷம் என்கிறவர் வந்து அதில் உட்கார்ந்துவிடுவார். மருமகள் கதை, மாமியார் கதை, தண்ணீர் வராத கதை எல்லாம் சொல்வார். அக்காவின் காது கதையில் இருக்கும், கால் மெஷின் பலகையில் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் துணி தானாக ஊசிக்கு அடியில் வந்துவிடும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்த யாரும் வெறுங்கையோடு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஊருக்குக் குறை இல்லை. குறை அக்காவின் சொந்தக்காரர்களுக்குத்தான். ஸ்டூலில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் அக்கா கிளம்புவார். கடலூர் முதுநகரில் அவருடைய தங்கை மெஹருன்னிசா வீட்டில் ஒரு பழமொழியே உண்டு: பிரியாணி தேக்சா கழுவும் சத்தம் கேட்டால் அஜீசு வந்துவிட்டாள் என்று அர்த்தம். மெஹருன்னிசாவின் மூத்த மகள் நிக்காஹ்வுக்கு அக்கா போய்ச் சேர்ந்தபோது பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவிழ்க்கிறவரிடமே "மாப்ள வந்தாச்சா?" என்று கேட்டாராம்.

2010 வைகாசியில் இரண்டாவது மகள் ஷாசியாவுக்கு நிக்காஹ் முடிவானது. மெஹருன்னிசா போன் செய்தார்.

"அக்கா, ஷாசியா நிக்காஹ் சனிக்கெழம, அஞ்சாம் தேதி. காலைல பதினோரு மணி. ஞாயித்துக்கெழம மண்டபம் கெடைக்கல."

"வரேன்டி. வெள்ளிக்கெழமையே வந்துடறேன்."

"நீ சொல்ற வெள்ளிக்கெழமைய நான் எந்தக் காலண்டர்ல பாக்கறது?"

"நக்கலா? கார்டு எங்கடி?"

"ஊட்டு மனுஷிக்கு எதுக்குக் கார்டு? வர்றதப் பாரு."

அதற்குள் ஷாசியா போனைப் பிடுங்கிக்கொண்டாள். கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அவள் இருந்தது அக்கா வீட்டில்தான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஷாசியா அந்த வீட்டில் இருந்த காலத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு மெஷின் நேரத்தோடு நிற்கும் என்பதைத் தெருவே கவனித்திருக்கிறது.

"பெரியம்மா, நீங்க வந்து என் முந்தானைய மடிச்சு ஊசி குத்துனாத்தான் நான் மண்டபத்துக்குக் கெளம்புவேன். இல்லன்னா நைட்டியோடயே ஒக்காந்திருப்பேன். மாப்ள வந்து கேட்டா, பெரியம்மாகிட்ட தெக்கக் குடுத்திருக்கு, செவ்வாக்கெழம வாங்கன்னு சொல்லிடுவேன்."

அக்கா சிரித்தார். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் துணிக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வதூது சொன்னார். வைகாசி முழுக்க முகூர்த்தம். குவியல் அலமாரிக்கு வெளியே வந்து தரையில் நடக்க ஆரம்பித்திருந்தது. அதைத் தாண்டி வெள்ளிக்கிழமை கடலூர் போயாக வேண்டும். இந்த ஒரு தடவையாவது.

இந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி உசாமா துபாயிலிருந்து விடுப்பில் வந்து இறங்கினார். அங்கே ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். அக்காவின் முன்னறையைக் கண்ணைத் திறந்து பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது.

"அக்கா, ஒன் கையில கொற இல்ல. சிஸ்டத்துலதான் கொற."

"சிஸ்டமா? அது எங்க விக்கிது? மேலவீதியிலயா?"

"சிரி. நான் ஒன்ன வெள்ளிக்கெழம மத்தியானம் பஸ்ஸுல ஏத்தலன்னா என் பேரு உசாமா இல்ல."

"மச்சான், வாங்கறதுதான் வாங்கற, சிஸ்டத்த ரெண்டா வாங்கு" என்றார் வதூது. "கடைக்கும் ஒண்ணு வேணும்."

மறுநாளே சாமான்கள் வந்தன. முதலில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை, மூன்று நிறத்தில் பேனா. அடுத்தது மெஷினுக்கு மோட்டார். காலால் மிதிப்பது காட்டுமிராண்டி காலம் என்று சொல்லி, கீழே மிதிபலகைச் சக்கரத்தையும் மேலே மெஷின் சக்கரத்தையும் இணைத்திருந்த தோல் பெல்ட்டைக் கழற்றினார். வெள்ளைப் பலகையை மாட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தவருக்கு அந்த பெல்ட் தோதாகக் கிடைத்தது. பலகையின் இரண்டு ஓட்டையிலும் நுழைத்து, ஆணியில் மாட்டி, தூரப் போய் நின்று ரசித்தார்.

குண்டூசி போட ஒரு காந்தக் கிண்ணம் கொண்டு வந்திருந்தார். அக்காவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. அதனால் ஒரு சங்கடமும் வந்தது. வாயில் ஊசி இல்லாததால் "செவ்வாய்க்கிழமை" என்ற சொல் தெளிவாகக் கேட்டது. முதல்முறை கேட்ட பெண் திடுக்கிட்டு, "அக்கா, நிஜமாவா?" என்று கேட்டுவிட்டாள்.

துபாயிலிருந்து வந்த இன்னொன்று, கோழி வடிவத்தில் ஒரு டைமர். முறுக்கி வைத்தால் அரை மணிக்குப் பிறகு கத்தும். கத்தினால் எழுந்து கொஞ்சம் ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வெடுத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது உசாமாவின் கட்சி. கோழி பெரும்பாலும் கழுத்து வளைவு தைக்கும்போதுதான் கத்தியது. அக்கா எழுந்து போய் ஓய்வாகப் பருப்பை அடுப்பில் ஏற்றுவார், ஓய்வாகத் துணி அலசுவார், ஓய்வாக இரண்டு குடம் தண்ணீர் பிடிப்பார். திரும்பி வரும்போது மூச்சு வாங்கும். "ஓய்வு ஜாஸ்தியா இருக்குதுடா, கொஞ்சம் கொறைச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் தொடங்கும் முன்பே முடிந்தது. புதிய அட்டை ஒன்றை நறுக்க உசாமா அக்காவின் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

"கத்தரிக்கோல வெச்சிடு."

"அட்டதானேக்கா, ஒரே ஒரு..."

"நீ துபாய்ல சூப்பர்வைசரா இரு, கலெக்டரா இரு. கத்தரிக்கோல வெச்சிடு."

வைத்துவிட்டார். கடைசியாக அவர் கண் ஸ்டூல் மேல் விழுந்தது.

"இதாங்கா ஒனக்கு மொத எதிரி. வர்றவங்க ஒக்காந்து ஊர்க்கத பேசி ஒன் நேரத்த திங்கறாங்க. எடம் இருந்தாத்தானே ஒக்காருவாங்க?"

வதூது ஸ்டூலைத் தலைகீழாகத் தோளில் வைத்துக்கொண்டு தன் கடைக்குப் போனார். அக்கா வாசல்வரை வந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், கோழி கத்திவிட்டது.

பிறகு உசாமா பேனாவும் கையுமாக நின்று, துணி கொடுத்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். "ஃபங்ஷன் என்னைக்குங்க? சரியான தேதி சொல்லுங்க." பழக்கதோஷம், எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் தேதியையே சொன்னார்கள். பக்கத்துத் தெரு ரத்தினம்மாள், "வர்ற வியாழக்கெழம தம்பி, பேத்திக்கு மஞ்சத்தண்ணி" என்றார். இன்னொருவர் திங்கள், இன்னொருவர் செவ்வாய், மூன்று பேர் புதன். உசாமா அத்தனையையும் சிவப்பில் எழுதினார். நம்மூரில் தையற்காரருக்குச் சொல்கிற தேதிக்கு என்ன பொருள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு ஆள்தான் உள்ளதைச் சொன்னாள். கீரப்பாளையத்து வித்யா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நாலாம் தேதி வெள்ளிக்கிழமை, சாயந்திரம் ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவளுக்குப் பொய்த் தேதி சொல்லத் தெரியாது. கணக்கு டீச்சர் என்பதால் இருக்கலாம். பலகையில் அவள் பெயர் எல்லாருக்கும் கடைசியில், பச்சையில் போயிற்று.

அந்த வாரம் அக்கா தைத்ததுபோல் யாரும் தைத்திருக்க முடியாது. மோட்டார் உறுமியது, கோழி கத்தியது, பலகையில் வரிசையாக டிக் விழுந்தது. மத்தியான மின்வெட்டு நேரத்தில் சாப்பாடும் தொழுகையும் முடிந்துவிடும் என்பதால் அதுகூட இடைஞ்சலாக இல்லை. புதன்கிழமை வித்யாவின் அம்மா விருத்தாம்பாள் கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். வழக்கம்போல உட்காரப் போனார். ஸ்டூல் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. ஒரு நொடி தடுமாறி மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

"ஒக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஒக்காரவே தேவையில்லம்மா" என்று பலகையைக் காட்டினார் உசாமா. "பாருங்க, வெள்ளிக்கெழம காலைல வித்யாவோடது. பத்தரைக்கு வாங்க, பன்னெண்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

விருத்தாம்பாள் பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அச்சடித்த மாதிரி எழுதியிருந்ததால் நம்பி எழுந்துபோனார். அதாவது, நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து போனார்.

இதற்கிடையில் ஒரு விசித்திரம் நடந்தது. தைத்து முடித்த பிளவுஸ்கள் கொடியில் தொங்கிக்கொண்டே இருந்தன. திங்கட்கிழமை விசேஷக்காரர் வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்காரரும் வரவில்லை. புதன்கிழமைக்காரர்கள் மூன்று பேரும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு வாசல் வழியாகவே போனார்கள், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா தையலை நிறுத்தாமல் கொடியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். தம்பி முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ரத்தினம்மாள் கீரைக்கட்டோடு போவதைப் பார்த்து உசாமா வாசலுக்கு ஓடினார்.

"யம்மா, ஒங்க பேத்தி பிளவுஸ் முந்தாநேத்தே ரெடி! நேத்து மஞ்சத்தண்ணிக்கு அவளுக்கு என்ன போட்டீங்க?"

"நேத்தா? எவ சொன்னா? அது அடுத்த மாசக் கடைசியில இல்ல?"

"நீங்கதானே வியாழக்கெழமன்னு சொன்னீங்க?"

"ஆமாம், சொன்னேன். சொன்னா அன்னைக்கேவா தெப்பாங்க?" ரத்தினம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "புள்ள வளர்ற வயசு. அடுத்த மாசத்துக்குள்ள ஒரு சுத்து பெருத்துட்டா யாரு பிரிச்சுத் தெப்பா? நீயா? ஒங்கக்காவக் கேளுப்பா, அவளுக்குத் தெரியும்."

உசாமா திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கோழி கத்துச்சுடா."

உசாமா கொடியைப் பார்த்தார். அடுத்த மாதம் வரை யாருக்கும் தேவைப்படாத பிளவுஸ்கள் வரிசையாகக் காற்றில் ஆடின. அன்று மாலை ஆறு மணிக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்று, விடியற்காலையில் வெட்டி வைத்த துண்டுகளாக மேஜையில் கிடந்தது. அதுவும் லைனிங் வைத்த பட்டு பிளவுஸ். கடலூர் பஸ்ஸுக்கு மத்தியானம் கிளம்ப வேண்டும்.

"பரவால்ல, மோட்டார் இருக்குது" என்றார் உசாமா.

அக்கா உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஃபேனும் நின்றிருந்தது.

வதூது கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "மாசாந்திரப் பராமரிப்பு. காலைல ஒம்பதுலேர்ந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும் கரண்ட் வராது. பேப்பர்ல போட்டிருந்துது."

"மச்சான்! ஏன் மச்சான் சொல்லல?"

"போர்டுல எழுத எடமில்ல, மச்சான்."

துபாய்க் கிடங்குப் பலகையில் கரண்ட்டுக்கென்று ஒரு கட்டம் போட வேண்டி வந்திருக்காது. உசாமா தலையில் கை வைத்தபோது வாசலில் விருத்தாம்பாள் நின்றார். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்திருந்தார். மேஜையில் கிடந்த துண்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அஜீசு... இன்னைக்கு சாயந்திரம்மா. மாப்ள ஊட்டுக்காரங்க அண்ணாகிராமத்துலேர்ந்து கெளம்பிட்டாங்க. பொண்ணு எதப் போட்டுகிட்டு வந்து நிப்பா?"

அக்கா கணவரைப் பார்த்தார். "ஏங்க, ஸ்டூல எடுத்துட்டு வாங்க."

அப்புறம் தம்பியிடம் சொன்னார்: "பெல்ட்ட அவுரு."

"எந்த பெல்ட்டு?"

அக்கா சுவரைக் காட்டினார். பலகை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உசாமா ஒரு கணம் தயங்கினார். பிறகு தாமே பலகையை இறக்கி, ஓட்டைகளிலிருந்து பெல்ட்டை உருவி எடுத்தார். அவசரத்தில் கை பட்டு சிவப்பு, பச்சை எல்லாம் கலைந்து சட்டையில் ஒட்டிக்கொண்டன. பெல்ட் பழையபடி சக்கரத்தில் ஏறியது.

ஸ்டூல் வந்தது. விருத்தாம்பாள் உட்கார்ந்தார். அக்கா பாதத்தை மிதிபலகையில் வைத்து, "மாப்ள என்ன பண்றாரு?" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் முந்திரித் தோப்பு, அவர் அக்காவின் வாய், அப்பாவின் சர்க்கரை, கல்யாணத்துக்கு எத்தனை பலாப்பழம் என்பது வரை விருத்தாம்பாள் சொல்லிக்கொண்டே போனார். அக்கா "ம்", "அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே மிதித்தார். கோழி ஒருமுறை கத்தியது. அக்கா தலையைத் தூக்காமல் அதைத் துணிக் குவியலுக்குள் அமுக்கினார். அது உள்ளே கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது.

மாப்பிள்ளையின் சித்தப்பா கதையில் இருக்கும்போது கடைசித் தையல் முடிந்தது. ஹூக் மட்டும் பாக்கி.

"ஹூக்கு நான் பஸ்ஸுல ஒக்காந்து வெச்சுக்கறேன்" என்று விருத்தாம்பாள் பிளவுஸைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீ கெளம்பு. ஷாசியா காத்துகிட்டு இருக்கும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் அக்காவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "டிக்கெட்டுங்களா, அளவுங்களா?" என்றார். அப்போதுதான் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குவது தெரிந்தது. அக்கா கழற்றிப் பையில் போட்டார். ஆலப்பாக்கம் தாண்டும்போது, "நான் வெள்ளிக்கெழமன்னு சொன்னேன், வெள்ளிக்கெழமையே போறேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு எல்லாரும் ஜன்னலை இழுத்து மூடியபோது மறுபடியும் ஒருமுறை சொன்னார். உசாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வதூது தூங்குவதுபோல் இருந்தார். அவ்வளவு குலுக்கலில் யாரும் அப்படித் தூங்க முடியாது.

முதுநகரில் தங்கை வீட்டுத் தெரு வெறிச்சென்று கிடந்தது. பந்தலும் இல்லை, ஒரு சீரியல் பல்பும் இல்லை. மெஹருன்னிசா நைட்டியோடு வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த சங்கரா மீன் சட்டிக்குள் விழுந்தது.

"அய்யோ அக்கா! என்ன ஆச்சு? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"என்னடி ஒளற்ற? நாளைக்கு நிக்காஹ். சொன்னபடி வந்துட்டேன்."

மெஹருன்னிசா எழுந்து நின்றார். பின்னால் நின்ற உசாமாவையும் வதூதையும் பார்த்தார். உள்ளேயிருந்து ஓடிவந்த ஷாசியாவும் பார்த்தாள். அப்புறம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மா... ஞாயித்துக்கெழம பெரியம்மா. நிக்காஹ் ஞாயித்துக்கெழம. ஆறாம் தேதி."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதனால்தான் கார்டு வரவில்லை. "ஒனக்குத் தெரியுமாடா?" என்று தம்பியைக் கேட்டார். உசாமா ஆமென்று தலையாட்டினார். "ஒங்களுக்கு?" வதூது கூரையைப் பார்த்தார்.

"மெஹரு, கூடப் பொறந்த அக்காகிட்டயே பொய்த் தேதி சொல்லுவியா?"

"நீ ஊர்ல எத்தன பேருக்கு செவ்வாக்கெழம சொல்லியிருக்க? நாங்க ஒனக்கு ஒரே ஒரு சனிக்கெழம சொல்லக் கூடாதா?"

அக்கா பையை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்ததாக ஷாசியா சொல்கிறாள். மீன் வாசனை என்று அக்கா சொல்கிறார். ஷாசியா டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நைட்டியோட ஒக்காந்துடுவேனோன்னு எனக்குப் பயம் பெரியம்மா, அதான்" என்றாள். அக்கா டீயைக் குடித்தார். பாதி டம்ளரில் ரத்தினம்மாளின் மஞ்சத்தண்ணி நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

சனிக்கிழமைதான் கஷ்டமான நாள். மெஷின் இல்லை, பலகை இல்லை, கோழி சிதம்பரத்தில் துணிக்கு அடியில். காலை நாஷ்டாவுக்குப் பிறகு அக்காவுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் மெத்தை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்தார். ஓய்வு என்றால் இதுதான் என்று உசாமா எடுத்துச் சொன்னார். "இது எப்படா முடியும்?" என்றார் அக்கா. நல்லவேளையாக மத்தியானத்துக்குள் செய்தி பரவி, கை பிடிக்கிறது, இடுப்பு தொளதொளவென்று இருக்கிறது என்று அந்தத் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் அக்காவுக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அக்கா கையூசியால் தைத்தார். அதற்கப்புறம்தான் அவர் முகத்துக்குக் களை வந்தது.

ஞாயிறு காலை ஷாசியாவின் முந்தானையை ஒவ்வொரு மடிப்பாக அவரே மடித்து ஊசி குத்தினார். அந்த மடிப்பு சாயங்காலம் வரை கலையவில்லை. பெண்கள் பக்கத்துக் கூடத்தில் முதல் வரிசையில், முதல் நாற்காலியில், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. உள்ளே நுழைந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அஜீசு வந்துட்டாளா? அய்யய்யோ, நிக்காஹ் முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல, ஒக்காருங்க."

"பொய் சொல்லாத. பிரியாணியாவது இருக்குதா?"

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாமி அக்காவைக் கண்டதும் கணவரைத் திட்டிக்கொண்டே நேராகப் பந்தி நடக்கும் இடத்துக்குப் போய்விட்டார். அங்கே இலைகூடப் போடவில்லை என்று தெரிந்து திரும்பி வந்து, அக்காவைக் கிள்ளிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பதினோரு மணி ஆயிற்று. மாப்பிள்ளை வரவில்லை. பண்ருட்டிப் பக்கம் வேன் டயர் பஞ்சர் என்று போன் வந்தது. எல்லாரும் பேச்சில் இறங்கிவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. வாசலைப் பார்ப்பதும், எழுந்து நிற்பதும், உட்காருவதுமாக இருந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில் கொடுக்க வந்த உசாமாவைத் திரைக்கு அருகில் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம்டா இப்படி ஒக்காந்திருக்கறது? எப்பதான் வருவாங்க?"

உசாமா வாயில் ஊசி இருப்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "செவ்வாக்கெழம வாம்மா."

பாட்டில் அவர் முதுகில் பட்டுத் தெறித்தது. முன்வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வேன் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்து, நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத்தின் குரல் வந்தது. அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஷாசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து கடைசி ஆமீன் வரை கேட்டார். ஒரு நிக்காஹ் எப்படித் தொடங்கும் என்று சொந்த நிக்காஹ்வில் பார்த்ததற்கப்புறம் அன்றைக்குத்தான் பார்த்ததாக அவர் சொல்கிறார்.

வதூதைக் கேட்டால், அதற்கும் பெண் தாமதமாகத்தான் வந்தது என்கிறார்.